பதினொரு பேர் பதிஞ்சாச்சு

மேற்கு மலை அடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்தில் ஒரே ஒரு சட்டம்தான். மணி அடித்தால் கை நிற்க வேண்டும்.

முற்றம் பெருக்குகிறவர் பாதியில் விளக்குமாற்றைப் போட்டுவிட வேண்டும். கடிதம் எழுதுகிறவர் பாதிச் சொல்லில் பேனாவை மூடிவிட வேண்டும். வேலையை நாம் பிடித்திருக்கிறோமா, வேலை நம்மைப் பிடித்திருக்கிறதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும் என்று ஆசிரமத்தைத் தொடங்கியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலை, மத்தியானம், பொழுது சாயும்போது என்று மூன்று தடவை மணி அடிக்கும்; கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் வேலை தொடரும்.

அந்தச் சட்டத்தைக் கோட்டைச்சாமி அளவுக்கு யாரும் கடைப்பிடித்ததில்லை. அறுபத்தொரு வயது. முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்துவிட்டார். மணியின் முதல் ஒலி அடங்குவதற்குள் அவர் கை நின்றுவிடும். சோற்றுக் கவளம் வாய்க்குப் பாதி வழியில் நின்றதை நேரில் பார்த்ததாகச் சமையல்காரப் பேச்சியம்மா சத்தியம் செய்வாள்.

குருவுக்கு அவரைவிட இருபத்து நாலு வயது குறைவு. பெயர் மாதங்கி. சென்னையில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். வந்த செய்தியைக் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கில் எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை. பத்து வருஷம் அதைச் செய்துவிட்டு ஒரு நாள் இங்கே வந்தார், திரும்பிப் போகவில்லை. எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். கோட்டைச்சாமியும் அம்மா என்றார். அவர் கோட்டைச்சாமியை ஐயா என்பார்.

ஆசிரமத்துக் கம்ப்யூட்டர் கோட்டைச்சாமியின் பொறுப்பு. இரண்டு விரலால்தான் தட்டுவார். ஆனால் பிழை வராது.

போன வருஷத்துக் கண் முகாமில் அந்தக் கம்ப்யூட்டர் சண்டித்தனம் பண்ணியது. ஒரு பெயரைத் தட்டி முடித்தால் அரை நிமிஷம் மலைத்து நிற்கும். அப்புறம்தான் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று பச்சை எழுத்து வரும். வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது.

“உம்ம மெஷினுக்கும் என்னைய மாதிரி புரை விழுந்திருக்கு. அதுக்கு மொதல்ல ஆபரேஷன் பண்ணுங்கய்யா” என்றார் ஒரு பெரியவர்.

இந்த வருஷ முகாமுக்கு முன்னால் மாதங்கி அம்மா அதன் முன் உட்கார்ந்து எதையோ மாற்றினார்.

“இனிமே வேகமா இருக்கும் ஐயா. அணைக்குறதுக்கு முன்னாடி மட்டும் அதுகிட்ட சொல்லிட்டு அணைங்க. இந்த பட்டனை அமுக்குங்க. திரை கறுத்த பிறகு சுவத்து சுவிட்சைத் தொடுங்க.”

“சரிம்மா.”

திங்கட்கிழமை முகாம் நடந்தது. நூற்று நாற்பது பேரைப் பார்த்த டாக்டர்கள் முப்பத்தெட்டுப் பேருக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டோக்கன் கொடுத்தார்கள். டாக்டர் தாளில் டோக்கன் எண்ணும், எந்தக் கண் என்பதும் மட்டும் இருக்கும். பேரும் ஊரும் கோட்டைச்சாமியின் கம்ப்யூட்டரில் ஏறும். இந்தத் தடவை விரலை எடுப்பதற்குள் பச்சை எழுத்து வந்தது. அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

“பதிஞ்சாச்சு. வியாழக்கிழமை காலையில வண்டி உங்க ஊருக்கே வந்துரும். நீங்க இங்க அலைய வேணாம். பஸ் ஸ்டாப்புல நில்லுங்க, போதும்.”

முப்பத்தெட்டாவது ஆளுக்கும் பச்சை எழுத்து வந்தது. அந்த ஆள் எழுந்து நகரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கோட்டைச்சாமி எட்டிச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். திரை செத்தது. இவ்வளவு பெரிய வேலைக்கு நடுவிலும் கை நின்றதே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டிக்காரருக்குப் பட்டியல் எடுக்கப் போனார். இருபத்தேழு பேர்தான் இருந்தார்கள்.

நாலு தடவை எண்ணினார். இருபத்தேழுதான்.

மாதங்கி அம்மா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்.

“நேத்து எப்படி அணைச்சீங்க ஐயா?”

“மணி அடிச்சதும்மா.”

மாதங்கி அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். எழுதுற ஊசி நகந்து போயி, இடம் பார்த்து எழுதணும். போன தடவை ஒரு பேருக்கு ஒரு நடை போச்சு. அதான் அவ்வளவு நேரம்.”

“இந்தத் தடவை?”

“பேரைத் தன் நினைவுல வாங்கி வச்சுக்கும். உடனே பதிஞ்சாச்சுன்னு சொல்லிரும். கூட்டம் ஓஞ்ச நேரமாப் பார்த்து, சேந்ததையெல்லாம் ஒரே நடையில கொண்டுபோயி எழுதும்.”

“அந்த நினைவு எவ்வளவு நேரம் நிக்கும்?”

“கரண்டு இருக்குற வரைக்கும்.”

கோட்டைச்சாமி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு பேர். வியாழக்கிழமை விடிந்ததும் எந்தெந்த ஊர் ரோட்டிலேயோ பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். வண்டி போகாது. வெயில் ஏறும். அடுத்த முகாம் அடுத்த வருஷம். அதற்குள் எத்தனை பேருக்கு வெளிச்சம் முழுசாகப் போய்விடுமோ.

பயம் கொஞ்ச நேரத்தில் கோபமானது.

“அது பொய் சொல்லிருச்சும்மா. பதினொரு தடவை என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கு.”

மாதங்கி அம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“நான் கேட்டுல இருந்தவன். ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட இருந்து போன் வரும். ‘கேட் மூடியாச்சா’ம்பாரு. எந்திரிச்சுப் போயி மூடி, பூட்டி, பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துட்டு வந்துதான் ‘மூடியாச்சு’ம்பேன். அவர் அவசரப்படுவாரு, கத்துவாரு. கத்தட்டும். மூடாத கேட்டை மூடியாச்சுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா என்னாகும்? ஒரு பஸ்ஸு நிறைய சனம்மா.”

“ஆமா.”

“எழுதாததை எழுதியாச்சுன்னு சொல்ற ஒண்ணை இந்த இடத்துல எதுக்கும்மா வச்சிருக்கீங்க?”

“மணியை நான் யோசிக்கல ஐயா. அது என் தப்பு” என்றார் மாதங்கி அம்மா. “நீங்க கேட்டதுக்கு மத்தியானம் பதில் சொல்றேன். இன்னைக்குப் பந்திக்கு நீங்க பரிமாறுங்க.”

“பதினொரு பேரைத் தேடணும். இப்பப் போயி பந்தியா?”

“ஒரு பந்தி. உங்க வழியிலயே பரிமாறுங்க. கொண்டுவந்து இலையில வச்ச பிறகுதான் ஆச்சுன்னு சொல்லணும்.”

செவ்வாய்க்கிழமைதோறும் ஆசிரமத்தில் அன்னதானம். கூடத்தில் அறுபது இலை. சமையற்கட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம், நாற்பது எட்டுத் தூரம் நடக்க வேண்டும்.

முதல் சுற்று சோறும் குழம்பும் ஆனதும் வேண்டுதல்கள் ஆரம்பமாயின. ஒருவர் ரசம் என்றார். கோட்டைச்சாமி போய் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து ஊற்றி, “ஆச்சு” என்றார். பக்கத்து இலை உப்பு கேட்டது. போனார். வந்தார். “ஆச்சு.” அதற்குப் பக்கத்து இலையும் உப்பு கேட்டது. போனார்.

“பாட்டையா, உப்போட வந்தவரு அப்படியே எனக்கும் ரெண்டு கல்லு போடக்கூடாதா?” என்றாள் ஒரு பெண்.

“நீங்க அப்பக் கேக்கலையேம்மா.”

“அவர் போயிட்டு வர்றதுக்குள்ள நான் ஊருக்குப் போயி சாப்பிட்டே திரும்பிருவேன்” என்றான் இன்னொருவன். பந்தி சிரித்தது.

சமையற்கட்டில் பேச்சியம்மா கரண்டியோடு நின்றாள். “என்ன சாமி, ரயிலு விடுறீங்களா? ஒவ்வொரு பெட்டியா வருது?”

அறுபது இலையில் பதினேழு இலை முடிந்தபோது அவருக்கு முட்டி வலித்தது. கடைசி வரிசையில் பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கிழவர் தூங்கவே தொடங்கிவிட்டார்.

மாதங்கி அம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். “நீங்க நில்லுங்க ஐயா.”

வெறுங்கையோடு வரிசை ஓரமாக நடந்தார். ஒருவர் ரசம் என்றார். “ஆச்சுங்க.” அப்பளம். “ஆச்சு.” மோர். “ஆச்சும்மா.” கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நிம்மதியாகப் பொரியலைத் தொட்டுக்கொண்டார்கள். கோட்டைச்சாமி ஒவ்வொரு இலையாக எட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லையே, எப்படி ஆச்சு?

வரிசைக் கடைசியிலிருந்து திரும்பும்போது ரசம் கேட்ட ஒரு அம்மாள் கை நீட்டி மறித்தாள். “ரசம் வேணாம் கண்ணு, மோரே ஊத்து.”

“ஆச்சும்மா.”

அந்த ரசத்துக்கு அவர் நடக்கவே இல்லை. ஒரே தடவை சமையற்கட்டுக்குப் போனார். வாளி, தட்டு, கிண்ணம் என்று இரண்டு கையும் நிறைய வந்தார். யாரிடமும் திரும்பக் கேட்காமல் ஊற்றிக்கொண்டும் வைத்துக்கொண்டும் போனார்.

இன்னும் நாலு இலை இருந்தது. மத்தியான மணி அடித்தது.

கூடத்துக்கு வெளியே நறுக்கிக்கொண்டிருந்தவர், துவைத்துக்கொண்டிருந்தவர் எல்லாருடைய கையும் நின்றது. கோட்டைச்சாமியின் கை தூணோடு ஒட்டி நின்றது. மாதங்கி அம்மா மோர் வாளியோடு அடுத்த இலைக்குப் போனார்.

“அம்மா” என்றார் கோட்டைச்சாமி. “மணி.”

“கேட்டுச்சு.”

மோர் ஊற்றினார். உப்பு வைத்தார். அப்பளம் வைத்தார். கடைசி இலைக்கும் மோர் ஊற்றி, வாளியைக் கீழே வைத்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மௌனம் முடிந்ததும் கோட்டைச்சாமி அவரிடம் போனார்.

“குருவே மணியை மீறலாமா?”

“கையில நாலு பேர் இருந்தாங்க ஐயா.”

கோட்டைச்சாமி வாளியைப் பார்த்தார்.

“அப்ப நேத்து அது கையில...”

“பதினொரு பேர்.”

எச்சில் இலைகள் எடுக்கிற சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி மெதுவாகச் சொன்னார். “இருந்தாலும் பொய் பொய்தானேம்மா.”

“அந்தப் பதினொரு பேர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

“பதிஞ்சாச்சு, வண்டி வந்துரும்னு சொன்னேன்.”

“பதியலையே.”

“அது சொன்னதை நம்பித்தான் சொன்னேன்.”

“இருக்கட்டும். இப்ப அந்தப் பதினொரு பேர் கையில இருக்குறது உங்க வார்த்தை. அது பொய்யா, மெய்யா?”

கோட்டைச்சாமி விரல் விட்டு நாட்களை எண்ணினார். இன்றைக்குச் செவ்வாய்.

“வியாழக்கிழமை வரைக்கும் தெரியாதும்மா.”

“அப்ப போயிட்டு வாங்க” என்றார் மாதங்கி அம்மா.

கோட்டைச்சாமி ஒரு தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து இருபத்தெட்டாம் டோக்கனிலிருந்து ஒவ்வொரு முகமாக நினைவுக்குக் கொண்டுவந்தார். தினமும் கடந்து போகிற ரயில்களின் எண்ணை மனசிலேயே வைத்திருந்த மண்டை அது. ஏழு பேரின் ஊர் வந்தது. மூன்று பேருக்கு அடையாளம் மட்டும் வந்தது. டீக்கடை டீக்கடையாக இறங்கினார்.

“ஒத்தக் காதுல கடுக்கன் போட்ட பெரியவரு. வலது கண்ணு. இந்தப் பக்கம் யாரு?”

“நம்ம சங்கிலிப் பெரியப்பாவா? ஏன், என்ன திருடிட்டாரு?”

“கண்ணு ஆபரேஷனுக்குப்பா.”

“அதுக்கு எதுக்குய்யா போலீஸ்காரன் மாதிரி வந்து நிக்கிறீரு? உக்காரும். டீ குடியும்.”

இப்படியே புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் கிடைத்தார்கள். பத்துப் பேருமே பையைக் கட்டி வைத்திருந்தார்கள். இவர் ஏன் வந்தார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. பதிஞ்சாச்சுன்னுதான் அன்னைக்கே சொன்னீங்களே என்றார்கள்.

முப்பத்தெட்டாம் டோக்கன் மட்டும் வரவில்லை. ஒரு மஞ்சள் பை மேஜை மேல் இருந்தது, அவ்வளவுதான் நினைவிருந்தது. முகம் இல்லை. மணி அடிக்கப் போகிற நேரம் என்பதால் அப்போது அவர் கண் சுவிட்சின் மேல் இருந்தது.

வியாழக்கிழமை காலை அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். டிரைவர் ஜெயபால் கறாரான ஆள்.

“சாமி, லிஸ்டுல இல்லாத ஆளுக்கு நான் நிப்பாட்ட மாட்டேன். டாக்டர் என்னையத்தான் பிடிச்சுக் கேப்பாரு.”

“நிப்பாட்ட வேணாம். மெதுவாப் போ.”

ஊர் ஊராக முப்பத்தேழு பேர் ஏறினார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கோட்டைச்சாமி ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். கடைசி ஊரும் ஆனது. வண்டி டவுன் ரோட்டில் திரும்பியது.

“ஜெயபாலு, நடுவக்குறிச்சி ரோட்டுல மட்டும்தான் இன்னும் பார்க்கல. ஒரு நடை போயிட்டுப் போவோம்.”

“அஞ்சு கிலோமீட்டரு சாமி! யாரைப் பார்க்க?”

“தெரியல.”

“பேரு?”

“தெரியல.”

“ஆம்பளையா பொம்பளையா?”

“அதுவும்...”

ஜெயபால் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். பின்னாலிருந்து ஒற்றைக் கடுக்கன்காரர் குரல் கொடுத்தார். “ஏம்ப்பா, கண்ணு தெரியாத நாங்களே பொறுமையா உக்காந்திருக்கோம். கண்ணு தெரிஞ்ச உனக்கு என்ன அவசரம்? போப்பா.”

வண்டி திரும்பியது. நடுவக்குறிச்சி விலக்கில் ஒரு கிழவி மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று, தலையில் போட்டிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். கையில் மஞ்சள் பை.

கோட்டைச்சாமி இறங்கி ஓடினார். “எத்தனை மணிக்கு வந்தீங்க ஆத்தா?”

“விடியறப்பவே வந்துட்டேன்.”

“மணி ஒம்பதரை ஆகுது. வண்டி வராதுன்னு வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா?”

“எதுக்குப் போகணும்?” கிழவிக்குக் கேள்வி புரியவில்லை. “பதிஞ்சாச்சுன்னு அங்கன ஒருத்தரு சொன்னாரே.”

டோக்கனை நீட்டினாள். முப்பத்தெட்டு. கோட்டைச்சாமி தாளை வெளியே எடுத்து அவள் பெயரைக் கேட்டார். சீனியம்மாள். வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, முழங்காலில் தாளை வைத்து எழுதினார். பேனாவை எடுத்த பிறகு எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

படியில் ஏற்றிவிடும்போது சீனியம்மாள் அவர் கையை விடவில்லை. “ஆபரேஷன் முடிஞ்சதும் இங்கனயே கொண்டாந்து விட்டுருவீங்களாய்யா? வீட்டுல ஆள் கிடையாது. கண்ணைக் கட்டிக்கிட்டு எனக்கு வழி தெரியாது.”

“விட்டாச்சுன்னு வச்சுக்கங்க ஆத்தா” என்றார் கோட்டைச்சாமி.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவர் ஆசிரமத்துக்குத் திரும்பியபோது மாதங்கி அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கோட்டைச்சாமி எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

“முப்பத்தெட்டுப் பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயாச்சும்மா.”

“நல்லது ஐயா.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உருவினார்கள். காற்று இதமாக இருந்தது.

“மெஷினைப் பழையபடி மாத்திரவா? ஒவ்வொண்ணா எழுதட்டும்” என்று கேட்டார் மாதங்கி அம்மா.

கோட்டைச்சாமி யோசித்தார். “வேணாம்மா. சனம் வெயில்ல நிக்கும்.” அப்புறம் சொன்னார். “சுவிட்சை மட்டும் என் கைக்கு எட்டாத இடத்துல வைங்க.”

மாதங்கி அம்மா சிரித்தார். கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. காம்பைக் கிள்ளி, மறுபடியும் கிள்ளினார்.

“அம்மா, ஒண்ணு நடந்துபோச்சு. அந்த ஆத்தா திரும்பக் கொண்டாந்து விடுவீங்களான்னு கேட்டாங்க. பாருங்க, முப்பத்தொரு வருஷம் ஒரு தடவைகூட அப்படி என் வாயில வந்ததில்ல. இன்னும் ஆபரேஷனே ஆகல. நான் பாட்டுக்கு விட்டாச்சுன்னு சொல்லிட்டேன்.”

“எப்பக் கொண்டுவந்து விடணும்?”

“ஞாயித்துக்கிழமை.”

மாதங்கி அம்மா கீரையைத் தட்டில் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்க கரண்டு போயிரக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடுங்க ஐயா. கிணத்தடியெல்லாம் பாசி பிடிச்சுக் கெடக்கு. அந்தப் பக்கம் போகாதீங்க.”